டேவிட் மார் சொன்னதில் எதுதான் தேறியது?

கேள்வி: 21 செப்டம்பர் 2024, இரவு 9.12

மூளையும் கண்ணும் எப்படிக் கணக்குப் போடுகின்றன என்று கோட்பாடு எழுதிய டேவிட் மார் பெயரைச் சொன்னாலே சாமி பெயரைக் கேட்ட மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நானும் தேடிப் படித்துப் பார்த்தேன். சிறுமூளை பற்றிச் சொன்னதைப் பின்னால் திருத்த வேண்டியிருந்தது. படத்தில் பொருள்களின் ஓரம் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழியை அடுத்து வந்தவர்கள் ஓரங்கட்டிவிட்டார்கள். பொருள்களை மூளை உருளை உருளையாக உடைத்து வைத்துக்கொள்கிறது என்றார், அதுவும் எடுபடவில்லை. 35 வயதில் போய்விட்டாரே என்கிற இரக்கம்தான் இந்தப் புகழா? கணிப்பு நரம்பறிவியல் (மூளையின் வேலையைக் கணக்காக எழுதிப் பார்க்கிற துறை) படிக்கப் போகலாமா என்று யோசிக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். தெரிந்த அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 21 செப்டம்பர், இரவு 11.05

இரக்கமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரக்கம் நாலைந்து வருஷம்தான் தாங்கும். மார் இறந்தது 1980 நவம்பர் 17. செத்து 44 வருஷம் ஆகப்போகிற ஆளை இன்னும் உட்கார்ந்து திட்டுகிறார்கள் என்றால் வேறு ஏதோ இருக்கிறது தம்பி.

1945இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பக்கம் பிறந்தவர். ரக்பி பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி, பாடம் கணிதம். 1967இல் எக்கிள்ஸ், இட்டோ, சென்டகொத்தாய் என்கிற மூளை ஆய்வாளர்கள் மூன்று பேரும் சிறுமூளையின் வயரிங்கைப் புத்தகமாகவே போட்டார்கள். எந்தச் செல் எதோடு சேர்கிறது என்பது அதில் இருந்தது. இத்தனை வயர் எதற்கு என்பது இல்லை. அந்த எதற்குக்குத்தான் மார் 1969இல் பதில் எழுதினார். அப்போது வயது 24.

பதில் இதுதான். சிறுமூளையில் பர்கின்யே என்கிற பெரிய நரம்புச் செல் ஒவ்வொன்றையும் இணை இழைகள் என்கிற மெல்லிய நரம்பிழைகள் லட்சத்துக்கு மேல் வந்து தொடுகின்றன. ஏறு இழை என்கிற இன்னொரு வகை ஒன்றே ஒன்று, அவரைக்கொடி பந்தலைச் சுற்றுகிற மாதிரி செல்லின் கிளைகளைச் சுற்றி ஏறியிருக்கும். லட்சம் பேர் முணுமுணுக்கிற கூடத்தில் ஒருத்தர் மட்டும் காதோரம் வந்து கத்துகிறார். அவர்தான் வாத்தியார் என்றார் மார். வாத்தியார் கத்துகிற நேரத்தில் எந்தெந்த இணை இழை பேசிக்கொண்டிருந்ததோ அதன் பிடி தளரும், அப்படித்தான் கை கால் பழகுகிறது என்றார். 1982இல் ஜப்பானில் இட்டோ குழு அதையே சோதனையில் காட்டியது. இதைப் போய்த் தப்பு என்கிறாயே.

22 செப்டம்பர், காலை 6.30

தப்பு என் பேரில். தூக்கக் கலக்கத்தில் தலைகீழாக எழுதிவிட்டேன். மார் சொன்னது பிடி *இறுகும்* என்று. தளரும் என்றது ஜேம்ஸ் ஆல்பஸ், 1971இல். அவர் உயிரியல்காரர்கூடக் கிடையாது, நாசாவில் வேலை பார்த்த இன்ஜினியர். இட்டோ காட்டியது தளர்வதை. ஆக, கூட்டல் கழித்தல் குறியில் மார் கோட்டைவிட்டார், இன்ஜினியர் சரியாகப் போட்டார். நம் இன்ஜினியர் சாதிக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

நேற்று எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். குறி மாறியும் கணக்கு விழவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு வாத்தியார் இழை, லட்சம் மாணவ இழை, வாத்தியார் கத்தும்போது பேசியவர்களின் பிடி மாறும். இந்த எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது. மார், ஆல்பஸ், இட்டோ மூன்று பேரையும் சேர்த்தே இன்று சொல்கிறார்கள். அந்த வாத்தியார் பாடம் மட்டும்தான் எடுக்கிறாரா, வேறு வேலையும் பார்க்கிறாரா என்று சண்டை ஓயவில்லை.

22 செப்டம்பர், மாலை 5.48

"அப்படியென்றால் ஏன் சிறுமூளையை விட்டு ஓடினார்" என்று தனிமடலில் கேட்டிருக்கிறாய். இங்கேயே கேட்டிருக்கலாம், யாரும் கடிக்க மாட்டார்கள்.

1969, 1970, 1971 என்று வருஷத்துக்கு ஒன்றாகச் சிறுமூளை, பெருமூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு), ஹிப்போகாம்பஸ் (நினைவைப் பதிக்கிற பகுதி) மூன்றுக்கும் கோட்பாடு எழுதி முடித்துவிட்டார். பிறகு சிட்னி பிரென்னரும் பிரான்சிஸ் கிரிக்கும் இருந்த கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம். 1973இல் அமெரிக்கா, எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம், அந்தத் துறையின் முன்னோடிகள் மின்ஸ்கி, பேப்பர்ட் இருந்த இடம். இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை.

ஓடியதற்குக் காரணம் அலுப்பு இல்லை. வயரிங் முழுக்கச் சரியாகத் தெரிந்தாலும் கண் எப்படிப் பார்க்கிறது என்பது தெரியாது என்று அவருக்குப் பட்டுவிட்டது. நியூரானை மட்டும் பார்த்துப் பார்வையைப் புரிந்துகொள்ளப் போவது, இறகை மட்டும் பார்த்துப் பறவை பறப்பதைப் புரிந்துகொள்ளப் போவது மாதிரி என்று எழுதினார். காற்று என்ன செய்யும் என்று தெரிந்தால்தான் இறகு ஏன் அந்த வடிவம் என்பது விளங்கும்.

அங்கிருந்து வந்ததுதான் மூன்று படி. என்ன கணக்கு, ஏன் அந்தக் கணக்கு என்பது முதல் படி. எந்த வழிமுறை என்பது இரண்டு. எந்தச் சாமானில் ஓடுகிறது என்பது மூன்று.

அவர் சூப்பர் மார்க்கெட் கல்லாப்பெட்டியை உதாரணம் காட்டுவார். எனக்கு எங்கள் தெரு அண்ணாச்சி கடை போதும். அண்ணாச்சி சிகரெட் அட்டையின் பின்னால் பென்சிலில் கூட்டுகிறார், அவர் பையன் கால்குலேட்டரில், எதிர்க்கடையில் கம்ப்யூட்டர் பில். சாமான் வேறு, வழி வேறு, கணக்கு ஒன்று. சரி, ஏன் *கூட்டல்*? விலைகளை ஏன் பெருக்குவதில்லை? ஒன்றும் வாங்காவிட்டால் காசு தர வேண்டாம். பருப்பை முதலில் வைத்தாலும் புளியை முதலில் வைத்தாலும் தொகை ஒன்றே. இரண்டு பில்லாகப் பிரித்தாலும் அதே. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு சுழிக்கு வர வேண்டும். இந்த நாலு நியாயத்துக்கும் ஒத்துவருவது கூட்டல் ஒன்றுதான். மூளையையும் இப்படிக் கேட்டுப் பார் என்கிறார். என்ன நியாயங்கள் அதைக் கட்டிப்போடுகின்றன?

23 செப்டம்பர், காலை 7.15

ராத்திரி யோசித்ததில் ஒரு ஓட்டை. "இரண்டு சோப்பு எடுத்தால் ஒன்று இலவசம்". இரண்டு பில்லாகப் பிரித்தால் அதே தொகை வராதே! இப்போதைய டிபார்ட்மென்டல் ஸ்டோர் போடுவது கூட்டல் கணக்கே இல்லை. மார் காலத்துக் கல்லா செத்துப்போச்சு.

இது அவருக்கு எதிரா, ஆதரவா என்று எனக்கே குழப்பம். நியாயம் மாறினால் கணக்கு மாறும் என்றுதானே அவரும் சொன்னார்?

25 செப்டம்பர், இரவு 10.20

ஓரம் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்தத் தழும்பு இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

1998. கோவைப் பக்கம் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் பம்ப் காஸ்டிங்கில் (வார்த்தெடுத்த பாகத்தில்) கிராக் இருக்கிறதா என்று கேமராவை வைத்துப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. பாடப்புத்தகத்தில் மார்–ஹில்ட்ரெத் முறை என்று அரைப் பக்கம் இருந்தது. 1980இல் மாரும் எல்லன் ஹில்ட்ரெத்தும் எழுதியது. முதலில் படத்தைப் பதமாகக் கலங்கலாக்கு. பிறகு நடுவில் மேடும் சுற்றி அகழியுமாக ஒரு சல்லடையால் (ஃபில்டர் என்கிற கணக்கு) தடவு. விடை கூட்டலிலிருந்து கழித்தலுக்குத் தாண்டி, சுழியைக் கடக்கிற இடம்தான் ஓரம். விழித்திரை செல்களும் நடுவுக்கு ஒன்று, சுற்றத்துக்கு அதற்கு எதிர் என்றுதான் வேலை செய்கின்றன, அதனால் உயிரியலுக்கும் பொருந்துகிறது என்றார்கள். அந்த வரியெல்லாம் அன்று நான் படிக்கவே இல்லை. எழுதினேன், ஓட்டினேன்.

கிராக்கெல்லாம் அழகாக வந்தது. கூடவே எண்ணெய்க் கறையெல்லாம் அதே அழகோடு வந்தது. இரும்பில் கறுப்பாக ஒரு கோடு கிடந்தால் அது விரிசலா, எண்ணெய் வழிந்ததா? புரோகிராமுக்கு இரண்டும் ஓரம்தான். திரெஷோல்டை, அதாவது எவ்வளவு மாற்றம் இருந்தால் ஓரம் என்கிற வரம்பை, ஏற்றினேன், கிராக் போனது. இறக்கினேன், காஸ்டிங் முழுக்கக் கிறுக்கல். ஆறு வாரம் இதே வேலை. முதலாளி டீ வாங்கிக் கொடுப்பதை நிறுத்தினார்.

அங்கே இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஒரு அக்கா. கேமராவுக்கு முன்னால் அவர்தான் கேமரா. ஒரு நாள் சும்மா உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தேன். காஸ்டிங்கை எடுப்பார், ஜன்னல் பக்கம் திரும்புவார், மணிக்கட்டை ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் சாய்ப்பார். அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் மட்டும் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல். "ஏன்க்கா சாய்க்கறீங்க?" என்றேன். "கறை அப்படியே கெடக்கும் சார், கிராக்குன்னா வெளிச்சம் எடம் மாறுமுங்க" என்றார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கிராக்குக்கு ஆழம் உண்டு. கறைக்குக் கிடையாது. வெளிச்சம் வருகிற திசையை மாற்றினால் ஆழம் இருக்கிற பக்கம் நிழல் நகரும், கறை நகராது. மறுநாள் இரண்டு பல்பு வாங்கினேன். இடது பக்கம் ஒன்று எரியும்போது ஒரு படம், வலது எரியும்போது ஒரு படம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். கறை கரைந்துபோச்சு, கிராக் மட்டும் மிச்சம்.

மாரின் 'விஷன்' புத்தகம் கைக்குக் கிடைத்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து. முதல் அத்தியாயத்திலேயே அக்கா உட்கார்ந்திருந்தார். நான் ஆறு வாரமும் இரண்டாவது படியில் திரெஷோல்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அக்கா முதல் படியில் நின்று, கிராக் என்றால் உலகத்தில் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார். மார் பெயரில் இருந்த முறையை வைத்துக்கொண்டே மார் சொன்னதற்கு நேர்மாறாக வேலை பார்த்திருக்கிறேன்.

25 செப்டம்பர், இரவு 10.52

பெருமை அடித்துவிட்டு உண்மையை மறைக்கக் கூடாது. மயிரிழைக் கிராக் இரண்டு பல்புக்கும் சிக்கவில்லை. கடைசியில் சிவப்பு மை தடவி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்க்கிற பழைய முறைக்கே போனார்கள். என் கேமராவை ஸ்டோர் ரூமில் பார்த்ததாகச் சொன்னார்கள்.

27 செப்டம்பர், மாலை 6.05

"ஓரங்கட்டிவிட்டார்கள்" என்றாயே, யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜான் கேனி, 1986. அதே எம்ஐடி ஆய்வகத்தில் படித்த பையன்தான். வெளியாள் வந்து கவிழ்க்கவில்லை, வீட்டுக்குள்ளேயே நடந்தது. கேனி செய்ததும் என்ன? நல்ல ஓரம் என்றால் என்ன என்று முதலில் நிபந்தனை எழுதினார்: தப்பவிடக் கூடாது, இடம் பிசகக் கூடாது, ஒரு ஓரத்துக்கு ஒரு கோடுதான் வர வேண்டும். பிறகுதான் சல்லடையைத் தேடினார். எனக்கு இது முதல் படிதான்.

28 செப்டம்பர், இரவு 9.30

சம்பந்தமில்லாத ஒன்று. மாரின் பிஎச்டி வழிகாட்டி ஜைல்ஸ் பிரிண்ட்லி. கண் தெரியாத ஒரு பெண்ணின் பார்வைப் புறணிமேல் மின்முனைகளைப் பதித்து, வெளிச்சப் புள்ளிகள் தெரியவைத்து 1968இல் எழுதியவர். சொந்தமாக ஒரு மின்னணு ஊதுகருவிகூடச் செய்தார். அதே மனிதர்தான் 1983இல் லாஸ் வேகஸ் சிறுநீரியல் கூட்டத்தில் ஆண்மைக் குறைவுக்கான ஊசி வேலை செய்கிறது என்பதை மேடையிலேயே தன் உடம்பில் காட்டியவர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேட வேண்டாம்.

8 அக்டோபர், மாலை 4.40

இன்று மத்தியானம் இயற்பியல் நோபல் அறிவித்தார்கள். செயற்கை நரம்பு வலையமைப்பு வேலைக்காக ஹாப்ஃபீல்டும் ஹிண்டனும்.

ஹாப்ஃபீல்டின் 1982 வலையமைப்பு பாதி நினைவைக் கொடுத்தால் மீதியைத் தானே நிரப்பும். பாட்டின் முதல் இரண்டு சொல் காதில் விழுந்தால் பல்லவி முழுக்க வந்துவிடுகிற மாதிரி. மாரின் 1971 ஹிப்போகாம்பஸ் கட்டுரையிலும் ஒரு செல்லின் கிளை திரும்பி வந்து அக்கம்பக்கத்துச் செல்களைத் தொடுவதால், துண்டிலிருந்து முழுசை மீட்கலாம் என்கிற யோசனை இருக்கிறது. உடனே "மாருக்கு வர வேண்டியது" என்று கிளம்பிவிடாதீர்கள். ஹாப்ஃபீல்டு இயற்பியல்காரர், பள்ளத்தில் உருண்டு அடங்குகிற கோலி மாதிரி அதற்கு ஓர் ஆற்றல் கணக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தெளிவு மாரிடம் இல்லை. 1971 கட்டுரையை நான் இரண்டு முறை ஆரம்பித்தேன், இரண்டு முறையும் தோற்றேன்.

13 அக்டோபர், மத்தியானம் 2.15

ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

உருளை விஷயம். மாரும் அவர் கூட்டாளி நிஷிஹாராவும் 1978இல் சொன்னது. பொருளின் வடிவத்தை அதன் சொந்த அச்சை வைத்து மூளை எழுதிவைக்கிறது, நான் நிற்கிற இடத்தை வைத்து அல்ல. உடம்பு ஒரு உருளை, கிட்டே போனால் கை ஒரு உருளை, இன்னும் போனால் விரல். பொதுவிதியாக இது தாங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கசங்கின துண்டுக்கு எந்த அச்சு?

ஆனால் அது எங்கிருந்து வந்தது தெரியுமா? எலிசபெத் வாரிங்டன் என்கிற நரம்பு உளவியலாளர், 1973 வாக்கில் பேசியதைக் கேட்டதிலிருந்து என்று மார் தன் புத்தகத்திலேயே சொல்கிறார். மூளையின் வலது பரியட்டல் பகுதி (மேலே, பின்பக்கம்) அடிபட்டவர்கள் வாளியைப் பக்கவாட்டில் பார்த்தால் வாளி என்கிறார்கள். மேலிருந்து பார்த்த வாளியைக் காட்டினால் தெரியவில்லை, சொன்னாலும் ஒப்புக்கொள்வதில்லை. இடது பக்கம் அடிபட்ட சிலருக்கு நேர்மாறு: பெயர் வராது, எதற்கு என்று தெரியாது, வடிவம் மட்டும் சரியாகப் பிடிபடும்.

என் சித்திக்கு 2016இல் பக்கவாதம். வலது பக்கம், பின்னால். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, வழக்கம்போல் என்னைத் திட்டினார். ஒரு நாள் தண்ணீர் சொம்பை அவர் படுத்திருந்த கட்டிலோரம் தரையில் வைத்தேன். மேலிருந்து பார்த்தார். "அது என்னடா தட்டு?" என்றார். "சொம்பு சித்தி". "சொம்பா? சொம்பு இப்பிடியா இருக்கும்?" குனிந்து எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பக்கவாட்டில் பிடித்தேன். "இது சொம்புதான், நான் என்ன பைத்தியமா? அந்தத் தட்டை எங்க வெச்ச?" என்று தரையில் தேடினார்.

வாரிங்டன் கதை எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது. அந்தச் சொம்பை நான் மறுபடி தரையில் வைக்கவில்லை, அப்படிச் சோதித்துப் பார்க்க மனசு வரவில்லை.

20 அக்டோபர், இரவு 11.40

மார் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறேன், இப்போது எதிர்ப்பக்கம்.

அவர் படிகளில் *கற்றல்* எங்கே? வேடிக்கை பார், சிறுமூளைக் கட்டுரை முழுக்கக் கற்றல்தான். பார்வைக்கு வந்ததும் அதை ஏறக்குறைய மூட்டை கட்டிவிட்டார். உலகத்தின் நியாயங்களை விஞ்ஞானி கண்டுபிடித்து எழுத வேண்டும் என்றார். 2012இல் ஆழ்கற்றல் வலையமைப்பு (படங்களைப் பார்த்துத் தானே கற்கிற புரோகிராம்), படத்தில் இருப்பது என்ன என்று சொல்கிற போட்டியில் எல்லோரையும் முந்தியபோது அதற்குள் யாரும் ஓரச் சல்லடை எழுதிவைக்கவில்லை. முதல் அடுக்கைத் திறந்து பார்த்தால் சாய்ந்த கோடு, நின்ற கோடு என்று ஓரச் சல்லடைகள் தாமே முளைத்திருந்தன. மாரின் நெருங்கிய கூட்டாளி டொமாசோ போஜியோவே பிற்பாடு, படிகளுக்கு மேலே கற்றலையும் ஒரு படியாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்.

எனக்கும் ஒரு குத்து விழுந்தது. 2019இல் பழைய சகா ஒருவரின் மகன், அதே மாதிரிக் காஸ்டிங், *ஒரே* பல்பு, சில ஆயிரம் படம், மூன்று வாரம். கறையையும் கிராக்கையும் என் இரண்டு பல்பைவிட நன்றாகவே பிரித்தான். அன்று ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் கேட்டேன், "எப்படிப் பிரிக்கிறதுடா?" "தெரியலை அங்கிள், பிரிக்குது". அடுத்த மாதம் ஃபவுண்டரியில் டியூப் லைட்டை எல்இடியாக மாற்றினார்கள், அவன் திரும்ப ஆயிரம் படம் எடுக்க உட்கார்ந்தான். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் கேவலம்தான், ஆனால் பட்டேன்.

21 அக்டோபர், காலை 8.02

நேற்று எழுதியதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கிறது. படித்துப் பார்த்தேன், தெரிகிறது. பையன் செய்தது நல்ல வேலை.

17 நவம்பர், இரவு 10.10

தேதி பார்த்துத்தான் எழுதுகிறேன்.

'விஷன்' முன்னுரையில் மார், 1977 டிசம்பரில் சில நிகழ்ச்சிகள் நடந்ததால் இந்தப் புத்தகத்தை நினைத்ததைவிடச் சில வருஷம் முன்னாலேயே எழுத வேண்டியதாயிற்று என்கிறார். எந்த நிகழ்ச்சி என்று சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோய். அப்போது அவருக்கு 32. நாலாம் வகுப்புப் பையன் லீவு லெட்டர் எழுதினால்கூட நோயின் பெயரைப் போடுவான், இவர் போடவில்லை. 1980இல்தான் முழுப் பேராசிரியர் ஆனார், அதே வருஷம் இறந்தார். புத்தகம் 1982இல் வெளிவந்தது.

அதன் கடைசி அத்தியாயம் கேள்வி பதில். நம்பாத ஒருத்தர் குடைந்து குடைந்து கேட்கிறார், இவர் பதில் சொல்கிறார். உன் கேள்வியை முதலில் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எது எதையெல்லாம் உடைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடைக்கும்போது தான் இருக்கப்போவதில்லை என்பதும்.

18 நவம்பர், காலை 7.40

நீ கேட்ட அசல் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. படிக்கப் போகலாமா? போ. பெங்களூரு ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) நரம்பறிவியல் மையம் இருக்கிறது, அதே பெங்களூருவில் என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) இருக்கிறது, போய் நேரில் பார். "கணிப்பு நரம்பறிவியல்" என்கிற பெயரே எரிக் ஷ்வார்ட்ஸ் என்கிற ஆய்வாளர் 1985இல் கலிஃபோர்னியாவின் கார்மெலில் கூட்டிய கூட்டத்தில்தான் நிலைபெற்றது, மார் போய் ஐந்து வருஷம் கழித்து. 1987இலிருந்து அவர் பெயரில் பரிசு கொடுப்பதும் கணினிப் பார்வை மாநாட்டுக்காரர்கள்தான். கதவில் என்ன போர்டு தொங்குகிறது என்பதை ரொம்பப் பார்க்காதே. கணிதத்தை மட்டும் விடாதே.

19 நவம்பர், இரவு 8.25

தம்பி சோப்பு சோதனையைச் செய்தே பார்த்துவிட்டானாம். மூன்று சோப்பு. ஒரே பில்லாகப் போட்டால் இரண்டின் விலை, மூன்று பில்லாகப் பிரித்தால் மூன்றின் விலை. பிறகு இலவச சோப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்டிருக்கிறான், சுழிக்கு வருகிறதா என்று பார்க்க. கேஷியர் அக்கா மேனேஜரைக் கூப்பிட்டாராம்.